ஆயில் சம்ப் மறுபடி ஒழுகுகிறது: இன்னும் சிலிக்கானா, வேறு வழி உண்டா?

வேம்படி

வணக்கம். வயதான கார், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பிளாக் வார்ப்பிரும்பு, அதன் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப் வார்ப்பு அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் பேக்கிங் கிடையாது. தயாரிக்கும்போதே சிலிக்கான் போட்டு ஒட்டிய வகை.

சம்ப்பின் பின்பக்க மூலையில் ஈரம் தெரிந்ததால் ஒரு பட்டறையில் கொடுத்தேன். இறக்கி, துடைத்து, புது சிலிக்கான் போட்டு, ஆயிலும் ஊற்றி அன்று மாலையே வண்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சில வாரங்களில் அதே மூலையில் ஈரம். இப்போது நிறுத்திய இடத்தில் சொட்டும் விழுகிறது. திரும்பப் போய்க் கேட்டால், “இறக்கவே வேண்டாம், வெளியிலிருந்து சுற்றி ஒரு பூச்சு சிலிக்கான் அடித்துவிடலாம்” என்கிறார்கள். இன்னொருவர், தாள் பேக்கிங் வெட்டி நடுவில் வைத்தால் ஒரேயடியாக நின்றுவிடும் என்கிறார்.

இரண்டில் எது சரி? அல்லது நானே இறக்கிப் பார்க்கலாமா? ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு. சம்ப் வரை போனதில்லை.

கரிக்கை

இரண்டுமே சரியில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: ஒழுகுவது சம்ப்தான் என்று யார் சொன்னது?

இன்ஜினில் ஆகத் தாழ்ந்த இடம் சம்ப். மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் பிளாக்கின் விலாவில் வழிந்து, சம்ப்பின் விளிம்பில் வந்து தங்கி, அங்கிருந்துதான் சொட்டும். டேப்பெட் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர் உட்காரும் இடம், இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கின் பின் சீல் என்று எதன் பழியும் சம்ப்பின் தலையில் விழும். வண்டி ஓடும்போது காற்று வேறு எல்லாவற்றையும் பின்பக்கமாக ஊதித் தள்ளுகிறது. பின்மூலை ஈரமாக இருப்பதால் மட்டும் பின்மூலையில் கசிகிறது என்று ஆகாது.

இப்படிச் செய்யுங்கள். இன்ஜினின் அடிப்பகுதி முழுவதையும் டிகிரீசர் போட்டுக் கழுவி நன்றாக உலர விடுங்கள். உலர்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவுங்கள். இன்ஜினைச் சூடேற்றுங்கள், சிறிது தூரம் ஓட்டுங்கள், நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் வாய். கோட்டின் கீழ் முனையைப் பார்க்காதீர்கள், மேல் முனையைப் பாருங்கள். ஆயிலில் கலக்கும் ஒளிர்சாயமும் புற ஊதா விளக்கும் கிடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்து, உலுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சாலையோரன்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? என் பழைய வண்டியில் வெளியிலிருந்துதான் சிலிக்கான் பூசினேன். நின்றுவிட்டது. சம்ப்பை இறக்காமல் வேலை முடிந்ததே என்று நிம்மதியாக இருக்கிறேன்.

கரிக்கை

எத்தனை நாள் நின்றது, அதற்குப் பிறகு அடியில் போய்ப் பார்த்தீர்களா என்பதையும் எழுதுங்கள் நண்பரே.

சிலிக்கான் சுத்தமான, உலர்ந்த உலோகத்தைத்தான் பிடிக்கும். கசிந்துகொண்டிருக்கும் விளிம்பை எவ்வளவு துடைத்தாலும், துடைத்த துணியைக் கீழே வைப்பதற்குள் இடுக்கிலிருந்து மெல்லிய ஆயில் படலம் மறுபடி வெளியே வந்திருக்கும். அதன்மேல் பூசுவது ஒட்டாது, போர்த்திக்கொண்டு நிற்கும். உள்ளேயிருந்து வரும் ஆயில் அந்தப் போர்வைக்கு அடியில் வழி தேடி இரண்டு போல்ட் தள்ளி எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு உண்மையான வாய் எங்கே என்று கண்டுபிடிப்பதும் கடினம். நாளை இறக்குபவனுக்கு அந்தப் பூச்சைச் சுரண்டும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

சாலையோரன்

சரி, சரி. சொட்டு நின்றது என்றுதான் சொன்னேன். ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

வேம்படி

கரிக்கை ஐயா சொன்னபடி கழுவிப் பவுடர் தூவிப் பார்த்தேன். டேப்பெட் கவர், ஃபில்டர், பிரஷர் சுவிட்ச் மூன்றைச் சுற்றியும் பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது. பின்மூலையில் மட்டும் ஈரம். கோட்டின் மேல் முனை ஒரு இடத்தில் நிற்கிறது. கிராங்கின் பின் சீலைப் பிடித்திருக்கும் தகடு, பிளாக், சம்ப் மூன்றும் சந்திக்கும் முனை அது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடித்துளை வழியாக எதுவும் வரவில்லை.

கரிக்கை

அப்படியானால் பழி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. பின் சீல் போயிருந்தால் பெல் ஹவுசிங்கிற்குள் ஆயில் இறங்கி அந்தத் துளை வழியாகத்தான் வந்திருக்கும்.

மூன்று பாகங்கள் கூடும் முனைதான் எந்த சம்ப்பிலும் முதல் சந்தேகத்துக்குரியது. பிளாக்கின் அடிமுகமும் சீல் தகட்டின் அடிமுகமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நடைமுறையில் மயிரிழை முன்பின் இருக்கும், நடுவே ஒரு கோடு போல இடுக்கும் இருக்கும். விளிம்பு முழுக்க ஒரே தடிமனில் சிலிக்கான் இழுத்துக்கொண்டு போனால் அந்தப் படிக்கட்டில் மட்டும் போதாமல் போகும். முன்னால் டைமிங் கவர் பிளாக்கைச் சந்திக்கும் இரண்டு முனைகளிலும் இதே கதைதான். ரப்பர் பேக்கிங் வைத்த சம்ப்பிலும் இந்த நான்கு முனைகளுக்கு மட்டும் ஒரு பொட்டு சிலிக்கான் வைக்கச் சொல்லிப் பல கையேடுகளில் இருக்கும்.

கூடவே இன்ஜின் மூச்சுவிடும் வழியான பிரீதரையும் பாருங்கள். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி வரும் எரிந்த வாயு, கிராங்க் சுழலும் அறையான கிராங்க்கேஸில் தேங்காமல் வெளியேற பிசிவி வால்வு இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று வேகமாகக் காற்று அடித்தால் சம்ப்பைத் தொடுவதற்கு முன் அதைச் சரி செய்யுங்கள். பிரீதர் அடைத்த இன்ஜினில் எத்தனை முறை சம்ப்பை ஒட்டினாலும் வேறொரு சீல் வழியாக அது பழிவாங்கும்.

அரைமில்லி

தாள் பேக்கிங் யோசனையைப் பற்றி யாரும் பேசவில்லை. எனவே கொஞ்சம் கணக்கு.

ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் அலுமினியம் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 22 பங்கு விரியும். வார்ப்பிரும்பு அதில் ஏறத்தாழ பாதி, சுமார் 11 பங்கு. சம்ப் விளிம்பு 450 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் குளிர்ந்த நிலையிலிருந்து 80 டிகிரி சூடேறினால், தடையில்லாமல் விரிய விட்டால், இரண்டு உலோகங்களுக்கும் நடுவே சுமார் 0.4 மில்லிமீட்டர் வேறுபாடு. நடுவிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு முனையும் 0.2 மில்லிமீட்டர் நகரப் பார்க்கிறது. போல்ட்டுகளின் பிடி அதில் ஒரு பகுதியைத் தடுக்கும், முழுவதையும் அல்ல. ஒவ்வொரு முறை வண்டியை எடுத்து நிறுத்தும்போதும் இந்த இழுபறி நடக்கிறது. ஆக அதிகமாக நகர்வது எது? முனைகள். கசிவது எது? முனை.

சிலிக்கான் ஆறிய பிறகும் ரப்பர்போல் இழுபடும், அதனால்தான் இந்த இணைப்புக்கு அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தாள் இழுபடாது, நாளடைவில் பிசிறும். அதோடு, உங்கள் சம்ப் உலோகத்தோடு உலோகம் உட்காரும்படி அளவெடுத்துச் செய்தது. நடுவில் தாளைச் செருகினால் அதன் தடிமன் அளவுக்கு சம்ப் கீழே இறங்கும். சில இன்ஜின்களில் சம்ப் பெல் ஹவுசிங்கோடும் போல்ட் செய்யப்பட்டிருக்கும். உங்களுடையதும் அந்த வகையென்றால் அங்கே துளைகள் ஒத்துப்போகாமல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

காற்றில்லாத இடத்தில் இறுகும் இன்னொரு வகைப் பசை உண்டு. இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே காற்றுப் புகாமல் அடைபட்டதும் கெட்டியாகிவிடும். ஒரே உலோகத்தாலான, கடைந்தெடுத்த, அசையாத முகங்களுக்கு அது அருமையானது. இந்த இழுபறிக்கு ஏற்றதல்ல, பெரிய இடுக்கையும் அது நிரப்பாது.

பழையபெட்டி

எல்லோரும் சிலிக்கான் புராணம் பாடுகிறீர்கள். நான் தகடு சம்ப்பும் கார்க் பேக்கிங்கும் வைத்தே காலத்தை ஓட்டியவன். பேக்கிங்கின் இரு பக்கமும் சிலிக்கான் தடவி ஏற்றினால் எந்த சம்ப்பும் ஒழுகாது.

கரிக்கை

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். இரு பக்கமும் ஈரமான சிலிக்கான் தடவிய கார்க், போல்ட்டை இறுக்கும்போது வழுக்கிக்கொண்டு வெளியே பிதுங்கும். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே நாக்கு நீட்டியதுபோல் தொங்கும் பேக்கிங்கை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரப்பர் பேக்கிங்கில் இது இன்னும் மோசம். கார்க்கை வழுக்காமல் பிடிக்க வேண்டுமென்றால் சம்ப் பக்கம் மட்டும் ஒட்டுபசை தடவி, உலர விட்டு, பிளாக் பக்கத்தைச் சுத்தமாக விட்டுவிட்டால் போதும்.

பழையபெட்டி

கார்க்கின் குணம் உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ எனக்கும் அவ்வளவு தெரியும். சிலிக்கானை ஆற விட்டு ஏற்றினால் வழுக்காது. அவசரக்காரர்களுக்குத்தான் பிதுங்கும்.

ஆனால் தகடு சம்ப்பில் கசிவுக்குக் காரணம் முக்கால்வாசி நேரம் பேக்கிங்கே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு யாரோ வெறியோடு இறுக்கியிருப்பார். ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு மேல்நோக்கிக் குழிந்திருக்கும். துளையருகே பேக்கிங் நசுங்கும், இரண்டு துளைகளுக்கு நடுவே தகடு தொடவே தொடாது. அதில் புதுப் பேக்கிங் வைத்து இன்னும் இறுக்கினால் குழி இன்னும் ஆழமாகும். சம்ப்பைக் கவிழ்த்து, விளிம்புக்கு அடியில் தட்டையான இரும்புக்கட்டை கொடுத்து, சிறு சுத்தியலால் குழிகளைத் தட்டி மட்டம் செய்ய வேண்டும். பிறகு நேர்கோலை வைத்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் கார்க்கைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. கார்க் சூட்டில் தளரும். சில முறை சூடேறி ஆறிய பிறகு மெதுவாக மறுபடி ஒரு சுற்று இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கரிக்கை

குழி விஷயத்தில் நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். சிலிக்கான் சம்ப்பில் மட்டும் அந்தக் கடைசி வேலையைச் செய்துவிடாதீர்கள். ஆறிப்போன சிலிக்கானை மறுபடி இறுக்கினால் படலம் நசுங்கி, ஒட்டியிருக்கும் முகத்திலிருந்து பிய்ந்துகொள்ளும்.

வேம்படி

பிரீதரைப் பார்த்தேன், அடைப்பில்லை. சம்ப்பை இறக்கிவிட்டேன். பெல் ஹவுசிங்கோடு சேரும் போல்ட்டுகளும் இருந்தன, அரைமில்லி சொன்னது சரிதான். விளிம்பைப் பிரிக்க மெல்லிய தகட்டுக் கத்தியை இடுக்கில் தட்டி ஓட்டினேன். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவில்லை.

பார்த்தவற்றை அப்படியே எழுதுகிறேன். பழைய சிலிக்கான் சம்ப் பக்கம் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. பிளாக் பக்கம் பின்மூலையில் ஒட்டவே இல்லை. நகத்தால் இழுத்ததும் நாடாபோல் நீளமாக உரிந்து வந்தது. உரிந்த அடிப்பக்கம் கண்ணாடிபோல் வழவழவென்று, விரல் வைத்தால் ஆயில் பிசுக்கு. விளிம்பின் உள்பக்கம் முழுக்க சிலிக்கான் பிதுங்கி, புழு நெளிவதுபோல் வரிசையாகத் தொங்குகிறது. ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையில் அப்படிப்பட்ட இரண்டு புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

கரிக்கை

அந்த வலையைப் பார்த்ததே பெரிய விஷயம். சொட்டு விழுவதால் இன்ஜின் சாகாது, ஆயில் அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்கலாம். வலை அடைத்தால் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. ‘கொஞ்சம் தாராளமாகவே போடு’ என்று சிலிக்கானைப் பிழிபவர்கள் சொட்டை நிறுத்தப்போய் இன்ஜினையே நிறுத்திவிடுகிறார்கள். குழாயைக் கழற்றி வலையைக் கழுவுங்கள். திரும்ப மாட்டும்போது அதன் ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள்.

உரிந்து வந்த நாடா முழுக் கதையையும் சொல்லிவிட்டது. சிலிக்கான் நடுவில் கிழிந்து இரண்டு முகத்திலும் பாதிப் பாதி ஒட்டியிருந்தால், பிடிப்பு சரி, ஏதோ இழுத்திருக்கிறது என்று பொருள். ஒரு முகத்திலிருந்து முழுசாக உரிந்தால் அந்த முகம் ஒட்டும் வேளையில் அழுக்காக இருந்தது என்று பொருள். துடைத்த பிறகும் பிளாக்கிலிருந்து ஆயில் இறங்கி அந்த மூலையை நனைத்திருக்கிறது, அதன்மேலேயே ஏற்றியிருக்கிறார்கள்.

மின்மினி

குறுக்கே ஒரு கேள்வி. சிலிக்கானிலேயே கறுப்பு, சாம்பல், சிவப்பு என்று நிறம் நிறமாக இருக்கிறதே, எதை வாங்குவது? குளியலறைக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது, அது ஆகாதா?

அரைமில்லி

ஆகாது. குளியலறைச் சிலிக்கான் தண்ணீருக்கானது, சூடான ஆயிலில் ஊறினால் உப்பி மெத்தென்று ஆகிவிடும். நிறம் என்பது அந்தந்தத் தயாரிப்பாளரின் அடையாளம், எல்லோருக்கும் பொதுவான விதி அல்ல. அட்டையில் இரண்டு விஷயம் பாருங்கள். இன்ஜின் ஆயிலைத் தாங்கும் என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். ஆக்ஸிஜன் சென்சாருக்குத் தீங்கில்லாதது என்றும் இருக்க வேண்டும். பிழிந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டு இறுகும் வகை, உலோகத்தை அரிக்கும். இன்ஜினுக்கு நடுநிலை வகைதான் நல்லது.

வாகனத் தயாரிப்பாளர் குறிப்பிட்டதே கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். குழாயில் காலாவதி தேதியும் பாருங்கள். சிலிக்கான் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. திறந்து நாளான குழாய் மூக்கிலிருந்தே இறுகத் தொடங்கியிருக்கும்.

வேம்படி

பிளாக் பக்கம் மிச்சமிருக்கும் சிலிக்கானை எப்படி எடுப்பது? கிரைண்டரில் மாட்டும் நார்ச்சக்கரம் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிடும் போலிருக்கிறது.

கரிக்கை

அதைத் தூர வையுங்கள்! அந்தச் சக்கரத்தில் இருக்கும் அரைக்கும் துகள் அலுமினியம் ஆக்ஸைடு. தலைக்குமேல் திறந்து கிடக்கும் கிராங்க்கேஸுக்குள் அது மாவாகப் பறந்து ஒட்டும். ஆயிலோடு சேர்ந்து பேரிங்கிற்குப் போனால் மென்மையான பேரிங் உலோகத்தில் பதிந்துகொண்டு கிராங்கை அரைக்கும். அலுமினிய முகத்தில் பட்டால் பள்ளமும் விழும், மட்டம் போய்விடும். பளபளப்பு நமக்குத் தேவையில்லை, மட்டமும் சுத்தமும்தான் தேவை.

பிளாஸ்டிக் சுரண்டி, பொறுமை, சிலிக்கானை மென்மையாக்கும் பேக்கிங் நீக்கி. இவை போதும். வார்ப்பிரும்பு முகத்தில் பழைய பிளேடைப் படுக்கவைத்து ஓட்டலாம். அலுமினிய சம்ப்பில் அதைக்கூடக் கவனமாக.

போல்ட் துளைகளையும் மறக்க வேண்டாம். அடிமூடிய துளைக்குள் ஆயிலோ சிலிக்கானோ தேங்கியிருக்க, போல்ட்டை முறுக்கினால் உள்ளே அடைபட்ட திரவத்துக்குப் போக்கிடம் இல்லை. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லும், விளிம்பு இறுகியிருக்காது. மோசமான நேரத்தில் வார்ப்பே வெடிக்கும். துணியைச் சுருட்டி விட்டுத் துடைத்து, காற்றடித்து ஊதுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

இனி முக்கியமானது. இன்று ஒட்டாதீர்கள். இறக்கிய இன்ஜினை இரவு முழுக்கச் சொட்ட விடுங்கள். ஓர் இரவுக்குப் பிறகும் கிராங்கிலிருந்தும் சுவர்களிலிருந்தும் எங்கேயாவது ஒரு துளி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். எந்த இடத்தில் இறங்குகிறது என்று பார்த்துவைத்து, ஒட்டுவதற்குச் சற்றுமுன் அங்கே உள்பக்கமாக உலர்ந்த துணியால் தடுத்து ஒற்றி எடுங்கள். கடைசித் துடைப்பு பிரேக் கிளீனர் நனைத்த, நூல் உதிராத வெள்ளைத் துணியால். துணியில் கறுப்போ மஞ்சளோ தெரியாமல் போகும்வரை வேறு வேறு துணி எடுங்கள். அதற்குப் பிறகு அந்த முகத்தில் விரல் படக்கூடாது. வைத்த துணியை வெளியே எடுத்தோமா என்று எண்ணிப் பாருங்கள்.

பழையபெட்டி

இதைத்தான் பட்டறைகளில் செய்வதில்லை. காலையில் இறக்கிய வண்டி மாலையில் கிளம்ப வேண்டும் என்றால் சொட்டுவதற்கு நேரம் ஏது? குறை பட்டறைக்காரனுடையது மட்டுமல்ல. வண்டியை இரண்டு நாள் விட்டுவைக்கச் சொன்னால் நாமும் முகம் சுளிக்கிறோம்.

வேம்படி

இரவு சொட்ட விட்டேன். காலையில் பார்த்தால் சரியாக அந்தப் பின்மூலைக்கு மேலேதான் ஒரு துளி உருண்டு நிற்கிறது! துடைத்தால் சிறிது நேரத்தில் இன்னொன்று. இப்போது ஒட்டும் முறை சொல்லுங்கள். குழாயின் அட்டையில், விரலால் மட்டும் இறுக்கி ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு முழுதாக இறுக்கு என்று போட்டிருக்கிறது. வண்டியின் கையேட்டில், சிலிக்கான் போட்ட சில நிமிடங்களில் ஏற்றி உடனே முழுதாக இறுக்கு என்று இருக்கிறது. எதைக் கேட்பது?

அரைமில்லி

கையேட்டை. அட்டையில் இருப்பது, பேக்கிங்குக்குப் பதிலாகச் சிலிக்கானால் ஒரு தடித்த பேக்கிங்கையே உருவாக்கும் முறை. வளையும் தகடு மூடிகளுக்கு அது பொருந்தும். பாதி இறுகிய ரப்பர் இரண்டு முகங்களுக்கும் நடுவே நிற்பதால் எல்லாம் பிதுங்கி வெளியேறாது. உங்கள் சம்ப் அப்படியில்லை. வார்ப்பு விளிம்பின் உள்ஓரத்தில் சிறு சரிவோ பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். தேவையான சிலிக்கான் தங்குவதற்காகவே வைத்த இடம் அது. உலோகம் உலோகத்தோடு உட்கார்ந்துவிடும், சிலிக்கான் அந்தப் பள்ளத்தில் நின்று அடைக்கும். பாதி இறுகவிட்டால் சம்ப் முழுதாக உட்காராது, அதன்மேல் தோல் படிந்துவிட்டால் எதிர்முகத்தை நனைக்காது, ஒட்டாது.

கரிக்கை

அரைமில்லி சொன்னதோடு, கையில் செய்யும் முறை இது. முதலில் சிலிக்கான் இல்லாமல் ஒரு முறை சம்ப்பை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது, எப்படிச் சாய்த்தால் ஏறுகிறது என்று கை பழக வேண்டும். சிலிக்கான் போட்ட பிறகு தடுமாறினால் கோடு கலைந்துவிடும். தலை வெட்டிய நீளமான போல்ட் இரண்டை எதிரெதிர் மூலைகளில் கையால் திருகிவைத்தால், அவற்றின் வழியே சம்ப் நேராக ஏறும், பக்கவாட்டில் நகராது.

கோடு சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன், அறுபடாமல் ஒரே ஓட்டம். கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாகப் போங்கள், வெளிப்பக்கமாகப் போனால் போல்ட் மரை வழியாகவே ஆயில் இறங்கும். தொடக்கமும் முடிவும் சந்திக்கும் இடத்தை மூலையில் வைக்காதீர்கள், நேரான பகுதியில் சிறிது ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். சீல் தகடும் டைமிங் கவரும் பிளாக்கைச் சந்திக்கும் நான்கு முனைகளில் மட்டும் பிளாக் பக்கம் ஒரு சிறு பொட்டு வைத்து, இடுக்குக்குள் அழுத்திவிடுங்கள். பின்மூலைத் துளியை ஒற்றி எடுத்துவிட்டு, அடுத்த துளி உருளுவதற்குள் ஏற்றுங்கள்.

எல்லா போல்ட்டையும் விளிம்பைத் தொடும்வரை கையால் திருகி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் குறுக்கும் மறுக்குமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். இந்த மாதிரி 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். மணிக்கட்டு பலத்துக்கே எட்டிவிடும் அளவு. பெரிய ரெஞ்ச்சைத் தூக்காதீர்கள், அலுமினியத்தில் மரை போனால் வேறு வேலை வந்து சேரும்.

பெல் ஹவுசிங்கோடு சேரும் சம்ப் என்றால் இன்னொரு சங்கதி. சம்ப் போல்ட்டுகளை இறுக்குவதற்கு முன் சம்ப்பின் பின்முகமும் பிளாக்கின் பின்முகமும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். கியர்பாக்ஸ் மாட்டியிருக்கும்போது, சம்ப்பைப் பெல் ஹவுசிங் முகத்தோடு ஒட்டித் தள்ளி, அந்த போல்ட்டுகளை லேசாகப் பிடிக்கவைத்து, பிறகு பிளாக் போல்ட்டுகளை இறுக்கி, கடைசியாகப் பெல் ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். வரிசை மாறினால் கடைசி போல்ட் சம்ப்பைப் பின்னுக்கு இழுக்கும். ஈரமான சிலிக்கான் பின்மூலையில் அறுபடும். உங்கள் மூலை முதல் முறை கசிந்ததில் இதற்கும் பங்கிருக்கலாம்.

சாலையோரன்

ஏற்றியவுடன் ஆயில் ஊற்றி ஓட்டிவிடலாமா? பெரும்பாலான இன்ஜின்களில் நிற்கும்போது ஆயில் மட்டம் விளிம்புக்குக் கீழேதானே இருக்கிறது?

கரிக்கை

நல்ல கேள்வி. மட்டம் கீழேதான். ஆனால் மேலேயிருந்து ஊற்றும் ஆயில் சுவர் வழியாக வழிந்து, இறுகாத சிலிக்கானின் மேல்தான் இறங்கும். ஓடும்போது கிராங்க் வாரியடிக்கும் ஆயிலும் விளிம்பில் மோதும். கையேடு சொல்லும் நேரம் குறைந்தபட்சம். அவசரமில்லை என்றால் 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். அமுங்கிய படலத்துக்குள் ஈரம் ஓரங்களிலிருந்துதான் நுழைய முடியும், அதனால் நடுப்பகுதி கடைசியாகத்தான் இறுகும். குளிர்ந்த, வறண்ட காற்றில் இன்னும் தாமதமாகும்.

வேம்படி

ஏற்றிவிட்டேன். பள்ளம் இருந்தது, அரைமில்லி சொன்ன அதே இடத்தில். பெல் ஹவுசிங் வரிசையும் சொன்னபடியே. ஒரு முழு நாள் விட்டுவிட்டு ஆயில் ஊற்றினேன். இப்போது வழக்கம்போல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பின்மூலையில் பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது.

ஆனால் சம்ப்பின் அடியில், ஆயிலை இறக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டைச் சுற்றி லேசான ஈரம். இது முன்பு இல்லை. போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா? மரையில் சிலிக்கான் தடவலாமா?

பழையபெட்டி

வாஷரை மாற்றினீர்களா?

வேம்படி

இல்லை, பழையதையே போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பழையபெட்டி

அந்த வாஷர் ஒரு முறை நசுங்கி இடுக்கை அடைப்பதற்காகச் செய்தது. நசுங்கியது மறுபடி நசுங்காது. இறுக்க இறுக்க சம்ப்பின் மரைதான் போகும். சிலிக்கானும் வேண்டாம். அடுத்த ஆயில் மாற்றம்வரை அளவைப் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள், அப்போது புது வாஷர் போட்டுக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். சொட்டாக விழத் தொடங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள். சுத்தமான பாத்திரத்தில் ஆயிலை இறக்கி, வாஷரை மாற்றி, அதே ஆயிலை ஊற்றிவிடலாம். நேற்று ஊற்றிய ஆயில்தானே.